லண்டனிலிருந்து பாரிஸ்: ரயிலா, விமானமா, பஸ்ஸா, காரா?

கேள்வி இதுதான். வீடு லண்டன் ஹாரோவில். கணவன், மனைவி, 9 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நால்வரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். சில மாதங்களில் சென்னையிலிருந்து அம்மா வருகிறார், அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட். டிசம்பரில் நான்கு நாள் பாரிஸ் போக வேண்டும், தங்குவது பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் சொந்தக்காரர் வீட்டில். எதில் போனால் செலவும் அலைச்சலும் குறையும்?

சுருக்கமான பதில்: ரயில். ஆனால் டிக்கெட் தேடுவதற்கு முன் அம்மாவின் விசாவைப் பாருங்கள். இந்தப் பயணத்தில் பலரும் மாட்டிக்கொள்வது கட்டணத்தில் அல்ல, எல்லையில். பிரெஞ்சு எல்லை என்றால் பிரான்ஸில் இருக்கும் என்றுதான் நினைப்போம். ரயிலில் போகிறவர்களுக்கு அது லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது. காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் கடலோர ஊர்களான ஃபோக்ஸ்டனிலோ டோவரிலோ. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கடியில் ஓடும் ரயில் சுரங்கத்துக்காக 1991-லும், டோவர் துறைமுகத்துக்காக 2003-லும் இரண்டு நாடுகளும் போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. இங்கிலாந்து மண்ணிலேயே பிரெஞ்சு போலீஸ்காரர் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். விசாவில் குறை இருந்தால் வண்டியிலேயே ஏற முடியாது, டிக்கெட் காசும் போய்விடும்.

அம்மாவுக்கு இரண்டு விசா வேண்டும், ஒன்று பிரிட்டன், ஒன்று ஷெங்கன் (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா). "லண்டன் வந்த பிறகு இங்கேயே ஷெங்கன் எடுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷெங்கன் விசாவை வசிக்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும் என்பது பொதுவிதி. பிரிட்டனுக்குச் சுற்றிப்பார்க்க வந்திருப்பவர் இங்கே வசிப்பவர் ஆகமாட்டார். எனவே சென்னையில், விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் சரி. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பே கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக எழுதினால் இன்னொரு காகிதம் சேரும். உங்கள் சொந்தக்காரர் தம் ஊர் மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், "அத்தெஸ்தாசியோன் தக்கேய்" என்ற தங்கல் சான்றிதழ் வாங்கிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை வரி. வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் கேட்பார்கள், கேட்ட அன்றே கையில் தருவதில்லை. மூலப் பத்திரம் கையில் இருந்தால் நல்லது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிப் போக வேண்டாம். மொத்த ஏற்பாட்டிலும் அதிக நாள் தின்னப்போவது இந்தக் காகிதம்தான். அதனால் முதல் போன் லா கூர்னெவுக்குப் போடுங்கள்.

விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்பதையும் பாருங்கள். ஒரே முறை என்று போட்டிருந்தால், சென்னை – லண்டன் – பாரிஸ் – லண்டன் – சென்னை என்ற பயணத்துக்கு அதுவே போதும், ஷெங்கனுக்குள் ஒரே ஒரு நுழைவுதானே. வரும் வழியில் பாரிஸில் இறங்கி ஊருக்குள் போய்விட்டு லண்டன் வந்து, மறுபடி பாரிஸ் போனால்தான் இரண்டாவது நுழைவு ஆகும். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அம்மாவுக்கு வரும்போது சென்னை – லண்டன், திரும்பும்போது பாரிஸ் – சென்னை என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். பாரிஸ் பயணத்தை அவர் ஊர் திரும்பும் நாளோடு சேர்த்து வைத்தால், அவருக்கு லண்டன் திரும்பும் ரயில் டிக்கெட் மிச்சம். ஆனால் வயதானவரை பாரிஸ் விமான நிலையத்தில் தனியாக ஏற்றிவிட வேண்டியிருக்கும், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நால்வருக்கும் விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இரண்டு கணக்கு உண்டு. உள்ளே நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருஷம் ஆகியிருக்கக் கூடாது. ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளில் பழைய பாஸ்போர்ட்டின் மிச்ச மாதங்களைக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள், அதனால் சில 10 வருஷம் 9 மாதம் வரைகூட ஓடும். முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கவுன்டரில் திரும்பி நடப்பது இதனால்தான். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் என்பதையும் மறந்துவிடுவார்கள்.

2025 அக்டோபர் 12-லிருந்து ஐரோப்பிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக அமலுக்கு வந்தது. முத்திரை குத்துவதற்குப் பதில் முகப்படமும் கைரேகையும் எடுத்துக்கொள்கிறார்கள். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை கிடையாது, படம் மட்டும். விசா வாங்கும்போதே கைரேகை கொடுத்தவர்களிடம் அதை மறுபடி கேட்பதில்லை. ஒருமுறை பதிந்தால் 3 வருஷத்துக்குப் போதும். முதல் முறை பதிகிற குடும்பம் என்றால் வரிசையில் கூடுதல் நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது ரயில். செயின்ட் பாங்கிராஸிலிருந்து பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷன் வரை யூரோஸ்டார் சுமார் 2 மணி 20 நிமிடம். திறந்த வெளியில் மணிக்கு 300 கி.மீ., சுரங்கத்துக்குள் 160. சுரங்கத்தின் நீளம் 50 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அதில் கடலுக்கு அடியில் 38 கி.மீ. அளவு. பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி கூட. டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் 1:20-க்கு இறங்குவதாக அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துப் பயணம் மூன்றரை மணி என்று எண்ண வேண்டாம். ஹாரோ ஆன் த ஹில்லிலிருந்து மெட்ரோபாலிடன் லைனில் ஏறினால் எங்கும் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்கிராஸில் இறங்கலாம். உங்கள் வீட்டுக்கு ரயில் இவ்வளவு தோதாக அமைவதற்கு இதுவே பாதிக் காரணம். குராய்டனிலோ கென்ட்டிலோ இருந்தால் கணக்கு வேறு. ஆஷ்ஃபோர்டிலும் எப்ஸ்ஃப்ளீட்டிலும் யூரோஸ்டார் 2020-லிருந்து நிற்பதில்லை, கென்ட்காரர்கள் தங்கள் ஊரைத் தாண்டிப் போகும் ரயிலைப் பிடிக்க லண்டனுக்கு வர வேண்டியிருக்கிறது.

கட்டணம் விமானத்தைப் போலவே ஏறி இறங்கும். ஸ்டாண்டர்ட் வகுப்பில் ஒரு வழிக்குக் குறைந்தது 39 பவுண்டு என்று 2025-ல் விளம்பரம் செய்தார்கள். அது கிடைப்பது மாதக் கணக்கில் முன்பே எடுப்பவர்களுக்கும், செவ்வாய், புதன் போன்ற நாட்களில் போகிறவர்களுக்கும்தான். டிசம்பர் வெள்ளிக்கிழமை மாலையில், கடைசி வாரத்தில் எடுத்தால் அதே சீட்டுக்கு 200 பவுண்டுக்கு மேல்கூடக் கேட்கும். 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மடியில் உட்கார டிக்கெட்டே வேண்டாம். 4 முதல் 11 வரை குறைந்த கட்டணம். ஆக, நீங்கள் ஐந்து பேர் என்றாலும் வாங்குவது மூன்று பெரியவர், ஒரு சிறுவர் டிக்கெட். விமானத்தில் 2 வயது ஆனாலே தனிச் சீட்டு, அங்கே உங்கள் 3 வயதுப் பிள்ளைக்கும் காசு. இரண்டே கால் மணி நேரம் மடியில் பிள்ளையோடு உட்கார்வது முழங்காலுக்குச் சோதனைதான். டேபிள் இருக்கிற நால்வர் சீட்டைத் தேர்ந்தெடுத்தால் பாரம் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம்.

ஸ்னாப் என்று ஒரு மலிவு டிக்கெட் 2025-ல் மறுபடி வந்திருக்கிறது. தேதியும் காலையா மாலையா என்பதும் மட்டும் நீங்கள் சொல்வீர்கள், எந்த ரயில் என்பதை இரண்டு நாள் முன்னால் அவர்கள் சொல்வார்கள். மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது, சேர்ந்து உட்கார்வதற்கும் உத்தரவாதம் இல்லை. தனியாளுக்கும் இளஞ்ஜோடிக்கும் அருமையான பேரம். சின்னப் பிள்ளையும் பாட்டியும் உள்ள கூட்டத்துக்கு வேண்டாம்.

சாமானில்தான் ரயில் விமானத்தை அடித்துப்போடுகிறது. ஸ்டாண்டர்டில் பெரியவர் ஒருவருக்கு 85 செ.மீ. நீளத்துக்குள் இரண்டு பெட்டி, கூடவே ஒரு கைப்பை. எடை பார்ப்பதில்லை, உங்களால் தூக்க முடிந்தால் சரி. தண்ணீர், எண்ணெய், ஊறுகாய் எதற்கும் 100 மி.லி. கணக்கு இல்லை. கத்தி மட்டும் ஆகாது. பழைய போர்க்களங்களில் பொறுக்கிய குண்டு, தோட்டா ஓட்டை நினைவுப்பொருளாகக் கொண்டுவந்து கார் து நோரில் எக்ஸ்ரேயில் மாட்டி, மொத்த ஸ்டேஷனையே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அரிவாள்மனை அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

செயின்ட் பாங்கிராஸில் நடப்பது இந்த வரிசையில்: டிக்கெட்டின் பார்கோடைக் காட்டிக் கேட்டுக்குள் நுழைவது, பெட்டியும் கோட்டும் எக்ஸ்ரேயில், பிறகு பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை, அதன்பின் காத்திருக்கும் கூடம். ரயில் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போது கேட் மூடும். அந்த 30 நிமிடம் வரிசையில் சேரும் நேரம் அல்ல, கேட்டைத் தாண்டியிருக்க வேண்டிய நேரம். எப்போது வர வேண்டும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். முதல் முறை கைரேகை பதிகிறவர்கள் ஒன்றரை மணி முன்பே வந்துவிடுவது உத்தமம். காத்திருக்கும் கூடத்தில் எல்லோருக்கும் போதுமான இருக்கை இல்லை. பாட்டிக்கு இடம் பிடித்துவிட்டு மற்றவர்கள் காபிக்குப் போங்கள்.

பிளாட்பாரம் மேல்தளத்தில். கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போதுதான் அறிவிப்பார்கள், ஒட்டுமொத்தக் கூடமும் எழுந்து ஓடும். நீங்கள் ஓட வேண்டாம், சீட் எண் போட்டுத்தான் இருக்கிறது. ஓட வேண்டிய கட்டாயம் பெட்டி வைக்க இடம் தேடுகிறவர்களுக்குத்தான்: பெரிய பெட்டிகளுக்கான அடுக்கு கோச்சின் இரு முனையிலும் இருக்கும், கடைசியில் ஏறுகிறவருக்கு அது நிறைந்திருக்கும். ரயில் 400 மீட்டர் நீளம், 16 கோச். ஒன்றாம் கோச்சோ பதினாறாம் கோச்சோ கிடைத்தால் நடை அதிகம். அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் சீட் தேர்வில் நடுக் கோச்சுகளைப் பாருங்கள், சக்கர நாற்காலி உதவி வேண்டுமானால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பாரிஸில் இறங்கினால் சோதனை எதுவும் இல்லை, பிளாட்பாரத்திலிருந்து நேரே வெளியே நடக்கலாம். திரும்பும்போதுதான் இரட்டைச் சோதனை. கார் து நோரின் மாடியில் முதலில் பிரெஞ்சு வெளியேற்றம், அடுத்த கவுன்டரிலேயே பிரிட்டிஷ் அதிகாரி. லண்டனில் இறங்கியதும் அங்கே நேரே வெளியே வந்துவிடுவீர்கள். அம்மாவின் பிரிட்டிஷ் விசாவைப் பார்ப்பதும் பாரிஸில்தான் என்பதால் அதற்கான சான்று அவர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். லா கூர்னெவ் சொந்தக்காரர்கள் உங்களோடு லண்டன் வர ஆசைப்பட்டால், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கும் 2025 ஏப்ரலிலிருந்து இடிஏ என்ற மின்னனுமதி வேண்டும். அது இல்லாமல் இந்த மாடியிலேயே நின்றுவிடுவார்கள்.

ரயிலின் பலவீனம் ஒன்றுதான், இருப்பது ஒரே பாதை. அதில் எங்கே கோளாறு என்றாலும் எல்லாம் நிற்கும். 2009 டிசம்பரில் கடுங்குளிரிலிருந்து சூடான சுரங்கத்துக்குள் நுழைந்த ஐந்து ரயில்கள், பனி உருகி மின்கருவிகளில் ஈரம் இறங்கியதால் உள்ளேயே நின்றன. 2023 டிசம்பர் 30-ல் தேம்ஸ் நதிக்கடியில் உள்ள சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து அன்றைய சேவை முழுக்க ரத்து. 2025 மார்ச்சில் கார் து நோருக்கு வடக்கே தண்டவாளத்தருகே உலகப்போர்க் குண்டு அகப்பட்டு ஒரு நாள் போயிற்று. நீங்கள் போவதும் டிசம்பர். அதனால் கடைசி ரயிலை எடுக்காதீர்கள். பகல் ரயில் ரத்தானால் மாலை ரயிலுக்கு மாற்றச் சொல்லலாம், இரவு ரயில் ரத்தானால் பெட்டியோடு நடுரோட்டில். அம்மாவின் சென்னை விமானத்துக்கும் நீங்கள் பாரிஸிலிருந்து திரும்பும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது விடுங்கள்.

விமானம். ஹீத்ரோவிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குப் பறக்கின்றன. கேட்விக், லூட்டனிலிருந்து ஈஸிஜெட். பறப்பது ஒன்றேகால் மணி என்பது உண்மை. இரண்டு மணி முன்னால் விமான நிலையம், அதற்கு முன் அங்கே போகும் நேரம், இறங்கியபின் பிரெஞ்சு பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு எல்லாம் கூட்டினால் வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்தாறு மணி. ரயிலிலும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம், வரிசையில் நிற்பது குறைவு.

மலிவு விமானத்தின் 30 பவுண்டு டிக்கெட்டில் ஏமாறுவது எப்படி என்று பாருங்கள். ஈஸிஜெட்டில் இலவசம் 45 x 36 x 20 செ.மீ. பை ஒன்று, சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவு. அதற்கு மேல் எது என்றாலும் காசு. டிசம்பர் கோட்டு, பூட்ஸ் எல்லாம் அந்தப் பையில் அடங்காது. பிறகு சார்ல் த கோலிலிருந்து ஊருக்குள்: ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் விமான நிலைய டிக்கெட் 2025 விலையில் தலைக்கு 13 யூரோ, ஜனவரி தோறும் இது ஏறும். பெரியவர் மூவருக்குப் போக வர 78 யூரோ, சிறுவர் தனி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. லா கூர்னெவ் இந்த ரயில் பாதையிலேயே, விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் பாதி வழியில் இறங்கினாலும் விமான நிலையக் கட்டணம் முழுசாகத்தான். மேலும், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். நேரே கார் து நோருக்கு ஓடும் வண்டியில் ஏறினால் லா கூர்னெவ் பலகையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப்போவீர்கள். பிளாட்பாரத்துத் திரையில் நிற்கும் ஸ்டேஷன்களின் பட்டியல் ஓடும், "லா கூர்னெவ் – ஒபெர்வில்லியே" அதில் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

டாக்சி என்றால் சார்ல் த கோலிலிருந்து பாரிஸ் நகருக்குள் நிர்ணயித்த கட்டணம் உண்டு: 2025-ல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. இது நகர எல்லைக்குள் மட்டும், லா கூர்னெவ் போன்ற புறநகருக்கு மீட்டர் ஓடும். வாசலில் வந்து "டாக்சி, டாக்சி" என்று காதருகே கேட்கிறவர்கள் யாரும் டாக்சிக்காரர்கள் இல்லை. கூரையில் பச்சை விளக்கு எரிகிற வண்டி, அதற்கான வரிசையில் மட்டும். கார் து நோர் வாசலுக்கும் இதே எச்சரிக்கை. பொவே என்ற விமான நிலையத்தைப் பெயரில் பாரிஸ் என்று சேர்த்து விற்பார்கள், அது நகரிலிருந்து 85 கி.மீ. தள்ளி. ஓர்லி அப்படியல்ல, 2024 ஜூனில் மெட்ரோ 14 அங்கே நீண்டதிலிருந்து தெற்குப் பாரிஸில் தங்குவோருக்கு நல்ல வழி. உங்களுக்கு அது எதிர்த்திசை.

விமானம் ஜெயிப்பது இரண்டு இடத்தில்தான். ரயில் கட்டணம் உச்சத்தில் இருக்கும் பண்டிகை வாரத்தில், கைப்பை மட்டும் எடுத்துப்போகும் ஆளுக்கு. அடுத்து, ஏர்லைன் மைல்கள் சேர்த்து வைத்திருப்பவருக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காரணம் விமான நிறுவனத்தின் கையில் இருந்தால், இந்தத் தூரத்துக்கு 220 பவுண்டோ 250 யூரோவோ நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் பிரான்ஸில் அடிக்கடி நடக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் அதில் சேராது.

பஸ்ஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விக்டோரியா கோச் ஸ்டேஷனிலிருந்து ஃபிளிக்ஸ்பஸ், பிளாபிளாகார் பஸ். பெரும்பாலும் பாரிஸ் பெர்சியில் இறக்குவார்கள், எட்டிலிருந்து பத்து மணி நேரம். 20, 25 பவுண்டுக்குக் கிடைக்கும். இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்பது ஏட்டுக் கணக்கு. நடு ராத்திரியில் டோவரில் எல்லோரையும் இறக்கிப் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், கப்பல் என்றால் அதில் ஏறியபின் மறுபடி பஸ்ஸை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போக வேண்டும். விடியற்காலை பெர்சியில் இறங்கும்போது மெட்ரோ திறந்திருக்கிறதா என்பது அடுத்த கவலை. மாணவர்கள் போகட்டும். பாட்டியையும் 3 வயதுப் பிள்ளையையும் இதில் ஏற்றுவது பாவம்.

கார்தான் ரயிலுக்கு உண்மையான போட்டி. ஃபோக்ஸ்டனிலிருந்து லெ ஷட்டில் என்ற ரயிலுக்குள் காரோடு ஏறி 35 நிமிடத்தில் பிரெஞ்சுக் கரையில் உள்ள கலே. கட்டணம் காருக்கு, தலைக்கு அல்ல. காருக்குள் எத்தனை பேர் இருந்தாலும் அதே விலை. எல்பிஜி காஸில் ஓடும் காரை ஏற்றமாட்டார்கள். டோவர் – கலே கப்பல் ஒன்றரை மணி, பெரும்பாலும் மலிவு, காற்றடிக்கும் டிசம்பரில் ஆட்டம் உண்டு. கலேயிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 300 கி.மீ., ஏ26, ஏ1 வழியாக மூன்று மணி, சுங்கம் ஒரு வழிக்கு 25 யூரோ அளவில். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 130, மழை பெய்தால் 110.

பிரிட்டிஷ் காருக்குச் சுங்கச்சாவடியில் ஒரு தொல்லை உண்டு. ஓட்டுநர் வலப்பக்கம், சாவடி இயந்திரம் இடப்பக்கம். டிக்கெட் எடுப்பதும் கார்டு தட்டுவதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. இயந்திரத்துக்கு அரை மீட்டர் தள்ளி நிறுத்தினால் அவர் சீட் பெல்ட்டைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட வேண்டியிருக்கும், பின்னால் ஹாரன் தொடங்கிவிடும். கார்டும் கொஞ்சம் சில்லறை யூரோவும் அவர் மடியிலேயே இருக்கட்டும். நியூஹேவன் – தியெப் கப்பலில் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். அங்கிருந்து பாரிஸ் வரும் ஏ13-ல் சாவடியே இல்லை. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் நீங்களே இணையத்தில் போய்க் கட்ட வேண்டும். சாவடி இல்லாததால் இலவசம் என்று நினைத்தவர்களுக்கு அபராதக் கடிதம் வரும்.

காரில் இருக்க வேண்டியவை: பின்புறம் "யூகே" ஸ்டிக்கர் (பழைய "ஜிபி" 2021 செப்டம்பரிலிருந்து செல்லாது), எச்சரிக்கை முக்கோணம், கை எட்டும் இடத்தில் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை, எதிரே வருவோர் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டில் ஒட்டும் பட்டை. காரின் பதிவுப் பத்திரத்தின் அசலே வேண்டும். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பிரான்ஸில் பின் சீட்டில், அதற்கான இருக்கையில்தான். உங்கள் இரண்டு பிள்ளைகளும் அதில் வருவார்கள். சாதாரணக் காரின் பின்னால் இரண்டு சிறுவர் இருக்கைக்கு நடுவே அம்மா ஆறேழு மணி நேரம் ஒடுங்கி உட்கார முடியுமா என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். பல குடும்பங்களுக்கு முடிவு அங்கேயே தெரிந்துவிடும். முன் சீட்டை அவருக்கு விட்டால் நடுவில் ஒடுங்குவது உங்களில் ஒருவர்.

பாரிஸ் நகருக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். வட்டச்சாலையில் 2024 அக்டோபரிலிருந்து வேகம் 50. தெருவோரம் நிறுத்த வெளியூர்க்காரருக்கு நகர மையத்தில் மணிக்கு 6 யூரோ, 1.6 டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்ரோல், டீசல், ஹைபிரிட் வண்டிக்கு 18 யூரோ, எஸ்யூவிக்காரர்கள் கவனிக்க. கிரித்தேர் என்ற மாசு ஸ்டிக்கரை அரசுத் தளத்தில் வாங்கினால் சுமார் 5 யூரோ, இடைத்தரகர் தளங்களில் பல மடங்கு. அந்த மாசு மண்டலச் சட்டத்தையே நீக்கும் முயற்சி 2025-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நடந்தது, எனவே கிளம்பும் வாரத்தில் நிலவரம் பாருங்கள். லா கூர்னெவ் ஏ1 சாலையை ஒட்டி, நகருக்கு வெளியே இருப்பது உங்களுக்கு வசதிதான்: காரைச் சொந்தக்காரர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஆர்இஆர் பியில் ஊருக்குள் போகலாம். ரயில் டிக்கெட் நான்கும் போக வர 600 பவுண்டைத் தாண்டுகிறது, சாமான் நிறைய, ஓட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் காரை எடுங்கள். ஒரே ஓட்டுநர், மாலை 4:30-க்கே இருட்டும் டிசம்பர் என்றால் வேண்டாம்.

ரயிலில் போய் இறங்கியபின் கடைசிக் கட்டம். கார் து நோரின் கீழ்த்தளத்தில் ஆர்இஆர் பி. லா பிளேன் ஸ்டாத் த பிரான்ஸுக்கு அடுத்தது உங்கள் ஸ்டேஷன், பத்து நிமிடத்துக்குள். டிக்கெட் 2025 விலையில் 2.50 யூரோ. லண்டனில் போல் பேங்க் கார்டைக் கேட்டில் தட்டிப் போகலாம் என்று நேரே நடந்தால் கேட் திறக்காது. நாவிகோ ஈஸி கார்டு 2 யூரோவுக்கு வாங்கி அதில் டிக்கெட் ஏற்ற வேண்டும். ஒரு கார்டை இரண்டு பேர் பகிர முடியாது, ஆளுக்கொன்று. போனிலும் ஏற்றிக்கொள்ளலாம், அப்படிச் செய்தால் இயந்திரத்தின் முன் நிற்கும் நீண்ட வரிசை மிச்சம். இயந்திரத்தருகே உதவ வருகிற அந்நியரிடம் கார்டைக் கொடுக்காதீர்கள். பெட்டியோடு இருந்தால் ஓரத்தில் உள்ள அகலக் கேட்டைப் பயன்படுத்துங்கள். இரவு தாமதமாக வந்து இறங்குவதாக இருந்தால், வடக்குப் பாதையில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் இரவுகள் உண்டு என்பதால் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த அன்றே பசியென்றால் ஸ்டேஷனை விட்டு வடக்கே ஐந்தாறு நிமிடம் நடந்தால் லா ஷபேல். ஃபோபூர் சேன் தெனி தெருவில் இட்லி, கொத்துரொட்டி, நகைக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும். பாஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம், அம்மாவுக்கு அங்கேயே ஒரு கும்பிடு.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பாலில் செய்ததும் கொண்டுபோகக் கூடாது, 2021-லிருந்து இந்த விதி. வழியில் சாப்பிடக் கோழி ரோல் கட்டினால் எல்லைக்கு முன் தீர்த்துவிடுங்கள். அம்மா கொண்டுவரும் பால்கோவா, நெய் இனிப்பு எல்லாம் பால் கணக்கில் வரும். கருவாடு மீன் கணக்கு, தலைக்கு 20 கிலோ வரை தடையில்லை. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதை லா ஷபேலிலேயே வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது பிரெஞ்சு சீஸ் வாங்கிவர ஆசைப்பட்டால், 2025 ஏப்ரல் 12-லிருந்து அதுவும் பிரிட்டனுக்குள் தடை, கோமாரி நோய் பரவியதால் வந்த விதி. பாக்கெட் பிரிக்காதது, விமான நிலையக் கடையில் வாங்கியது என்ற சமாதானம் எதுவும் செல்லாது.